டிசம்பர் 13, வில்லேஜ் ஹாலில் மல்ட் வைன் மேசை: என்னென்ன தயார் செய்யணும்?

23 நவம்பர் 2025, ஞாயிறு, இரவு 9:10 | புதுக்குடி

இங்கிலாந்தில் 300 பேர் இருக்கிற கிராமம். ஒரு சர்ச், ஒரு பப், ஒரு வில்லேஜ் ஹால். கடை கிடையாது. டிசம்பர் 13 சனிக்கிழமை மாலை 4 மணிக்கு ஊர் நடுவே இருக்கிற புல்வெளியில் மரத்துக்கு விளக்கு ஏற்றி, கேரல் பாடி, பிறகு எல்லாரும் ஹாலுக்கு வருவார்கள். மல்ட் வைன் (மசாலா போட்டுச் சூடாக்கிய வைன்), மின்ஸ் பை மேசை என் பொறுப்பு. மறுநாள் சர்ச்சில் குழந்தைகளுக்குக் கிறிஸ்டிங்கிள் (ஆரஞ்சில் மெழுகுவர்த்தி செருகி ஏற்றுவது) வழிபாடு, அதற்கு 40 ஆரஞ்சு தயார் செய்யணும். ஹாலுக்கு 80 பேர் வருவார்கள் என்று கணக்கு. வைன் ஒரு கோப்பைக்கு 2 பவுண்ட் "நன்கொடை", வருகிற காசு ஹால் கூரைக்கு. மூன்று வாரம் இருப்பதால் நேரம் தாராளம். அளவு மட்டும் சொல்லுங்கள்.

23 நவம்பர், இரவு 10:02 | மணிக்கயிறு

நேரம் தாராளமில்லை. அளவெல்லாம் அப்புறம்.

"நன்கொடை" என்று பெயர் வைத்தாலும், காசு வாங்கிக்கொண்டு வைன் கொடுத்தால் சட்டப்படி அது விற்பனைதான். நுழைவுச்சீட்டு விலையில் சேர்த்தாலும் அதே கதை. ஹாலுக்கே மது விற்கிற லைசென்ஸ் இருக்கிறதா என்று நாளைக்கே செயலாளரிடம் கேளுங்கள். சில ஹால்களுக்கு இருக்கும். இல்லையென்றால் டெம்பரரி ஈவென்ட் நோட்டீஸ் (அந்த ஒரு நிகழ்ச்சிக்கு மட்டுமான அறிவிப்பு) போடணும். கட்டணம் 21 பவுண்ட், ஆன்லைனிலேயே முடிந்துவிடும். பாரிஷ் கவுன்சிலுக்கு (ஊர் அளவிலான மன்றம்) அனுப்பிவிடாதீர்கள், பலர் செய்கிற தப்பு அது. லைசென்ஸ் வேலை பார்ப்பது டிஸ்ட்ரிக்ட் கவுன்சில். 10 வேலை நாள் முன்னால் கொடுக்கணும், அதாவது டிசம்பர் 1 திங்களுக்குள்.

23 நவம்பர், இரவு 10:40 | கரண்டி

இன்றைக்கு ஸ்டிர்-அப் சண்டே. அட்வென்ட்டுக்கு (கிறிஸ்துமஸுக்கு முந்தைய காத்திருப்புக் காலம்) முந்தைய ஞாயிறு. பழைய பிரார்த்தனைப் புத்தகத்தில் அன்றைய ஜெபமே "கிளறிவிடும், ஆண்டவரே" என்கிற பொருளில்தான் தொடங்கும். அதைக் கேட்டதும் வீட்டுக்குப் போய் கிறிஸ்துமஸ் புட்டிங் கிளறுவார்கள். 8 மணி நேரம் ஆவியில் வேகணும், நான்கு வாரம் ஊறணும், அதனால்தான் இந்த ஞாயிறு. உங்கள் வேலைக்கு அது தேவையில்லை. ஆனால் மின்ஸ்மீட் (மின்ஸ் பைக்குள் வைக்கிற கலவை) வீட்டில் கிளறுவதாக இருந்தால் இந்த வாரத்தைத் தாண்டாதீங்க. இரண்டு வாரமாவது ஜாடியில் இருந்தால்தான் பிராந்தியும் பழமும் ஒன்று சேரும்.

24 நவம்பர், காலை 7:25 | மணிக்கயிறு

நேற்று நான் சொன்ன தேதி தப்பு, திருத்திக்கொள்ளுங்கள். கவுன்சிலுக்கு நோட்டீஸ் கிடைக்கிற நாளும் கணக்கில் வராது, நிகழ்ச்சி நாளும் வராது. சனி, ஞாயிறும் இல்லை. 13-லிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: 12, 11, 10, 9, 8, 5, 4, 3, 2, 1. பத்து ஆயிற்று. ஆகவே நோட்டீஸ் நவம்பர் 28 வெள்ளிக்குள் போய்ச் சேரணும். இன்னும் ஐந்தே நாள்.

தவறினால் லேட் நோட்டீஸ் என்று ஒன்று உண்டு. அதற்குக் கடைசி நாள் டிசம்பர் 5 வெள்ளி. ஆனால் போலீஸோ சுற்றுப்புற சுகாதாரப் பிரிவோ ஒரு ஆட்சேபம் சொன்னால் போதும், விசாரணையே இல்லாமல் அது செத்துவிடும். 50 லிட்டர் வைனை வாங்கி அடுக்கிவிட்டு அந்த நிலைமைக்குப் போகக் கூடாது.

இன்னொரு வழி: வைனை எல்லாருக்கும் சும்மா கொடுங்கள். கூரைப் பெட்டியை வாசலில் தள்ளி வையுங்கள். ஒரு பைசா போடாதவருக்கும் அதே கோப்பை. கோப்பைக்கும் பெட்டிக்கும் முடிச்சுப் போடாதவரை அது விற்பனை ஆகாது. கிராமங்களில் இதுதான் நல்ல வழி, பெட்டியிலும் குறைவாக விழுவதில்லை.

24 நவம்பர், காலை 8:15 | கரண்டி

50 லிட்டரா! 80 பேருக்கு 12 லிட்டர் போதும்.

24 நவம்பர், காலை 8:31 | மணிக்கயிறு

ஆமாம், பேச்சு வேகத்தில் எழுதிவிட்டேன். அளவில் கரண்டி சொல்வதுதான் முடிவு.

24 நவம்பர், இரவு 8:50 | கரண்டி

வைன். 750 மி.லி. சிவப்பு 12 பாட்டில், அதாவது 9 லிட்டர். ஆரஞ்சு ஜூஸ் 3 லிட்டர். மொத்தம் 12 லிட்டர், 150 மி.லி. கோப்பைக்கு 80 கோப்பை. விலை உயர்ந்த வைன் வீண். ஓக் மரப் பீப்பாயில் வைத்த வைனைத் தொடவே வேண்டாம், சூடாக்கினால் துவர்ப்பு ஏறும். சர்க்கரை 600 கிராம். பட்டை 12 துண்டு, கிராம்பு 48, அன்னாசிப்பூ 6, ஜாதிக்காய் பாதி, ஆரஞ்சு 6.

கிராம்பை எண்ணித்தான் போடணும். கை போன போக்கில் போட்டால் நாக்கு மரத்துப் போகும், வைன் பல் டாக்டர் கிளினிக் வாசனை அடிக்கும்.

முதலில் பாகு. சர்க்கரை, மசாலா எல்லாம், ஆரஞ்சுத் தோல் (மஞ்சள் பாகம் மட்டும், உள்ளே இருக்கிற வெள்ளைத் தோல் கசக்கும்), ஒரு பாட்டில் வைன். இதை மட்டும் 10 நிமிடம் நன்றாகக் கொதிக்க விடுங்க. அந்த ஒரு பாட்டிலில் இருக்கிற ஆல்கஹாலில் ஒரு பங்கு போகும், மசாலா நன்றாக இறங்கும். மற்ற 11 பாட்டிலும் ஜூஸும் பிறகு. அதற்குப் பின் கொதிக்கவே கூடாது. ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும், அதனால் 70-ல் நிறுத்துங்க. தெர்மாமீட்டர் இல்லையென்றால் கண்ணால் பாருங்க: மேலே ஆவி மெல்ல எழும், ஓரத்தில் ஒரு குமிழிகூட வராது. அந்த இடம்தான். மசாலாவை மஸ்லின் துணியில் கட்டிப் போட்டு, முக்கால் மணி நேரத்தில் எடுத்துவிடுங்க.

ஹாலில் இருக்கிற டீ அர்னில் (வெந்நீர் கொதிக்கவைக்கிற பெரிய மின்பாத்திரம்) வைனைச் சூடாக்காதீங்க. சர்க்கரை அடியில் இருக்கிற கம்பிச்சுருளில் ஒட்டிக் கருகும், ஈஸ்டர் வரைக்கும் ஊரே கிராம்பு வாசனை டீ குடிக்கும். அடுப்பில் பெரிய பாத்திரம் இரண்டு, அதிலிருந்து ஸ்லோ குக்கருக்கு. மெல்லிய பிளாஸ்டிக் கோப்பை இந்தச் சூட்டில் வளைந்துவிடும். ஹாலில் இருக்கிற பீங்கான் கப்பே நல்லது.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதே மசாலாவில் ஆப்பிள் ஜூஸ் 6 லிட்டர், தனி கரண்டியோடு. இங்கே மூச்சில் 100 மி.லி.க்கு 35 மைக்ரோகிராம்தான் எல்லை. கிராமத்தில் பஸ் கிடையாது, பாதிப் பேர் வண்டியில்தான் வருவார்கள்.

24 நவம்பர், இரவு 9:30 | புதுக்குடி

லைசென்ஸ் ஹாலுக்கு இல்லை. சும்மா கொடுப்பது என்று முடிவாகிவிட்டது. மின்ஸ் பை எத்தனை? மின்ஸ் என்றால் இறைச்சிதானே, சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு என்ன செய்வது?

24 நவம்பர், இரவு 10:05 | கரண்டி

ஒரு காலத்தில் இறைச்சி இருந்தது. இப்போது திராட்சை, ஆப்பிள், சர்க்கரை, மசாலா, பிராந்தி. ஆனால் சூயட் என்று ஒரு கொழுப்பு இருக்கும், வழக்கமாக அது மாட்டுச் சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கிற கொழுப்பு. ஜாடியில் "வெஜிடபிள் சூயட்" என்று தெளிவாகப் போட்டிருந்தால் மட்டும் சைவம். இரண்டையும் கலக்காமல், எல்லாமே வெஜிடபிள் சூயட்டில் செய்துவிட்டால் மேசையில் கேள்வியே வராது.

ஆளுக்கு ஒன்றரை, மொத்தம் 120. 411 கிராம் ஜாடி ஒன்றுக்குச் சுமார் 20 வரும், 6 ஜாடி போதும். மாவு: மைதா 350 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 175, கொஞ்சம் தண்ணீர். நட்சத்திர மூடி போட்டால் 24 பை. அப்படி ஐந்து தடவை. 3 மி.மீ. கனத்துக்குத் தேய்த்து 7.5 செ.மீ. வட்டம். உள்ளே குவித்த டீஸ்பூன் ஒன்று மட்டும். நிரப்பினால் பொங்கி வழிந்து தட்டில் பாகு இறுகிக்கொள்ளும், பிறகு உளிதான் வேணும். 200 டிகிரி, ஃபேன் அடுப்பில் 180, 15 முதல் 18 நிமிடம். வெளியே எடுத்து ஐந்தே நிமிடத்தில் தட்டிலிருந்து கிளப்பிவிடுங்க.

ஐந்து வீடு பிரித்துக்கொண்டால் ஆளுக்கு ஒரு ஈடு. பக்கத்தில் ஒரு அட்டை: கோதுமை, பால், பாதாம் இருந்தால் பாதாம், உலர்பழத்தில் சல்ஃபைட்.

25 நவம்பர், மாலை 6:20 | வேலியோரம்

மரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லையே. விளக்கு எரியவில்லை என்றால் வைன் மேசைக்கு ஒருவரும் சந்தோஷமாக வரமாட்டார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன்.

வெளியில் நிற்கிற மரத்துக்கு நார்வே ஸ்ப்ரூஸ் போதும், குளிரில் ஊசி அவ்வளவாக உதிராது. ஹாலுக்குள் வைப்பதற்கு நார்ட்மன் ஃபிர், ஊசி உதிராமல் தாக்குப்பிடிக்கும். உள்ளே கொண்டுபோகும் முன் அடியில் 3 செ.மீ. புதிதாக அறுத்து உடனே தண்ணீரில் வையுங்கள். அறுத்த இடம் பிசின் கட்டிக்கொண்டால் மரம் தண்ணீர் குடிக்காது. முதல் சில நாள் ஒரு லிட்டருக்கு மேல்கூட இழுக்கும்.

வெளி விளக்கு இரவு 9 மணிக்கு "பட்" என்று அணைகிறது, காலையில் போட்டால் எரிகிறது. இந்தப் புகார் எல்லா ஊரிலும் வரும். காரணம் பனி ஈரம். 30 மில்லிஆம்ப் கசிந்தாலே ஆர்சிடி (மின்கசிவு வந்தால் துண்டிக்கிற பாதுகாப்பு சுவிட்ச்) துண்டித்துவிடும், அது அதன் வேலையைச் சரியாகச் செய்கிறது. அதைத் திட்டிக்கொண்டு பிளக்கைப் பிளாஸ்டிக் பையில் கட்டுவார்கள், அதுதான் பெரிய தப்பு. பைக்குள்ளேயே வியர்த்துத் தண்ணீர் நிற்கும். இணைப்பைத் தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் குச்சியில் கட்டுங்கள். வாய் கீழ்நோக்கி இருக்கணும். ஒயர் இணைப்புக்குள் போகும் முன் கீழே தொங்கி வளைந்து மேலே ஏறணும், அப்போதுதான் மழைத்துளி அந்த வளைவில் சொட்டிப் போகும். ஐ.பி. 44 (தண்ணீர் தெறிப்பைத் தாங்கும் என்கிற குறியீடு) என்று போட்ட விளக்கு மட்டும். 24 வோல்ட் சரமாக இருந்தால் இன்னும் நிம்மதி.

25 நவம்பர், மாலை 6:55 | வேலியோரம்

ரீத் (கதவில் தொங்கவிடும் இலை வளையம்) செய்கிறவர்களுக்கும் ஒன்று. ஹோலியை (முள் இலையும் சிவப்புப் பழமும் உள்ள மரம்) இந்த வாரமே வெட்டுங்கள். டிசம்பர் பாதியில் கடுங்குளிர் வந்தால் ரெட்விங் பறவைக் கூட்டம் ஒரே காலையில் சிவப்புப் பழத்தை எல்லாம் தீர்த்துவிடும். மிசில் த்ரஷ் பறவை ஒரு ஹோலி மரத்தைத் தன் சொத்து மாதிரிக் காவல் காக்கும். அதன் கிளையை விட்டுவிடுங்கள், மற்றதில் வெட்டுங்கள். வாளித் தண்ணீரில், ஷெட் நிழலில், மேலே வலை மூடி வைத்தால் மூன்று வாரம் நிற்கும்.

"என் வீட்டு மரத்தில் பழமே வரவில்லை" என்றால் அது ஆண் மரமாக இருக்கலாம். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்: கோல்டன் கிங் பெண், சில்வர் குயீன் ஆண்.

28 நவம்பர், வெள்ளி, இரவு 9:00 | புதுக்குடி

இரண்டு கேள்வி. பக்கத்துக் கிராமத்தில் கேரல் சர்வீஸ் 7-ஆம் தேதி, எங்கள் ஊரில் 21, இன்னொரு ஊரில் 18 வியாழன். எல்லாரும் கிறிஸ்துமஸுக்கு நெருக்கமாக வைக்காமல் ஏன் இப்படிச் சிதறிக் கிடக்கிறது? தேதி எதுவும் இணையத்தில் கிடைக்கவில்லையே, எங்கே பார்ப்பது?

28 நவம்பர், இரவு 9:45 | மணிக்கயிறு

ஒரே விகார், பல சர்ச். கிராமப்புறத்தில் ஐந்து, ஏழு, சில இடங்களில் அதற்கும் மேலான சர்ச்சுகளுக்கு ஒரே ஒரு குருவானவர். ஆர்கன் வாசிப்பவரும் பெரும்பாலும் அவரோடு சேர்ந்தே ஊர் ஊராகப் போகிறவர். ஒவ்வொரு ஊரும் ஒரு மாலை எடுத்துக்கொள்ளும். டிசம்பர் 24 மாலை 4 மணி கிரிப் சர்வீஸ் (குழந்தைகளுக்கான இயேசு பிறப்பு வழிபாடு) ஒரு ஊருக்கு, இரவு 11:30 ஆராதனை இன்னொரு ஊருக்கு, 25 காலை மூன்றாவது ஊருக்கு. அடுத்த வருடம் மாறும். ஆகவே "போன வருடம் இங்கேதானே நடந்தது" என்று நம்பி இருட்டில் போய் நிற்காதீர்கள்.

தேதி எங்கே: பாரிஷ் மேகசீன். பல ஊர்களில் டிசம்பர், ஜனவரி இரண்டுக்கும் ஒரே இதழ், நவம்பர் நடுவிலேயே அச்சுக்குப் போய்விடும். அடுத்து சர்ச் வாசல் அறிவிப்புப் பலகை. இணையத்தில் என்றால் இங்கிலாந்துத் திருச்சபை நடத்துகிற "எ சர்ச் நியர் யூ" தளத்தில் ஊர் பெயரைப் போட்டால் வரும், யாராவது புதுப்பித்திருந்தால்.

வேறு எதைக் கேட்பதற்கு முன்பும் ஒன்றைக் கேளுங்கள்: சாவி யாரிடம்? ஹால் சாவி, சமையலறை அலமாரிச் சாவி, சர்ச் சாவி, மீட்டர் பெட்டிச் சாவி. நான்கும் நான்கு பேரிடம் இருக்கும். அதில் ஒருவர் 12-ஆம் தேதி பேரக்குழந்தையைப் பார்க்க ஊருக்குப் போவார். 300 பேர் ஊரில் கிறிஸ்துமஸ் நின்றால் பணமில்லாமல் நிற்காது, சாவியில்லாமல்தான் நிற்கும். வைன் வாங்கும் முன் அந்த நான்கு பேரின் பெயரை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

30 நவம்பர், ஞாயிறு, பிற்பகல் 3:30 | பெனைன் காற்று

கேரல் பாட்டைப் பற்றிக் கொஞ்சம். புல்வெளியில் 80 பேர் நின்று பாடுவதற்கும் சர்ச்சுக்குள் பாடுவதற்கும் வித்தியாசம் உண்டு. வெளியில் எதிரொலி கிடையாது, குளிரில் தொண்டை ஏறாது. "ஹார்க் தி ஹெரால்ட்" புத்தகத்தில் பெரும்பாலும் ஜி சுருதியில் இருக்கும், உச்சி ஸ்வரம் ஈ. எஃப்-க்கு இறக்குங்கள், உச்சி டி ஆகும், ஆண்களும் பாடுவார்கள். ஐந்து பாட்டு போதும், ஒவ்வொன்றிலும் மூன்று சரணம். 16 பாயின்ட் எழுத்தில் அச்சிடுங்கள். 4 மணிக்கே இருட்டிவிடும். இன்னொன்று: சூரியன் மிகச் சீக்கிரம் மறைவது 21-ஆம் தேதி இல்லை, 12, 13 வாக்கில்தான். உங்கள் நிகழ்ச்சி சரியாக அந்த நாளில் விழுகிறது. தெருவிளக்கு இல்லாத ஊர் என்றால் ஒவ்வொரு குடும்பமும் டார்ச் கொண்டுவரச் சொல்லுங்கள்.

பித்தளை வாத்தியம் வாசிப்பவர்கள் வந்தால் பாட்டுக்கு இடையில் வாத்தியத்தைக் கோட்டுக்குள் வைத்துக்கொள்ளட்டும். பூஜ்யத்துக்குக் கீழே போனால் வால்வு உறையும்.

30 நவம்பர், பிற்பகல் 4:10 | பெனைன் காற்று

"ஓ கம் ஆல் யீ ஃபெய்த்ஃபுல்" பாட்டின் கடைசிச் சரணத்தை 13-ஆம் தேதி பாடாதீர்கள். "இந்த இனிய காலையில் பிறந்தவரே" என்று வரும் சரணம் அது, கிறிஸ்துமஸ் அன்றைக்கு மட்டும். நள்ளிரவு ஆராதனையில் 12 மணி தாண்டியபின் அதைப் பாடும்போது சர்ச்சே ஒரு அடி உயரும். முன்கூட்டியே பாடி அதைத் தேய்க்க வேண்டாம்.

2 டிசம்பர், செவ்வாய், இரவு 8:15 | புதுக்குடி

வீடு வீடாகப் போய்ப் பாடுகிற வழக்கம் இல்லையா?

2 டிசம்பர், இரவு 10:20 | பெனைன் காற்று

உண்டு, ஆனால் கதவைத் தட்டித் தர்ம காரியத்துக்குக் காசு வசூலித்தால் 1939 சட்டப்படி கவுன்சில் அனுமதி வேணும். அதனால் பல ஊர்களில் நான்கைந்து முனைகளில் நின்று பாடிவிட்டுப் போவார்கள், வசூலை ஹாலில் வைத்துக்கொள்வார்கள்.

பாட்டுக்காக ஒரு பயணம் போவதென்றால் ஷெஃபீல்டுக்கு மேற்கே டங்வொர்த், ஸ்டானிங்டன், வொரல், டெர்பிஷயரில் காசில்டன். இங்கெல்லாம் கேரல் பப்பில் பாடுகிறார்கள். நவம்பர் 11-ஐ ஒட்டிய ஞாயிறில் தொடங்கி பாக்சிங் டே (டிசம்பர் 26) வரை. 19-ஆம் நூற்றாண்டில் சர்ச்சுகள் மேல்மாடத்தில் நின்று பாடிய பழைய பாடகர் குழுக்களையும் வாத்தியக்காரர்களையும் வெளியே அனுப்பி ஆர்கன் வைத்தபோது, அந்தக் குழுக்களின் மெட்டுகள் பப்பில் அடைக்கலம் புகுந்தன. "வைல் ஷெப்பர்ட்ஸ் வாட்ச்ட்" பாட்டுக்கு மட்டும் பல மெட்டு. அதில் ஒன்று கிரான்புரூக், கேன்டர்பரி செருப்புத் தொழிலாளி தாமஸ் கிளார்க் போட்டது, 1805-ல் வெளிவந்தது. இன்று யார்க்‌ஷயர்க்காரர்கள் வேறு சொற்கள் போட்டுத் தங்கள் நாட்டுப்பாட்டு என்று பாடுவது அதே மெட்டுதான். டங்வொர்த்தில் ஞாயிறு நண்பகல் தொடங்கும், கதவு திறக்கும்போதே போகணும். ஊருக்கு ஊர் பாட்டும் மெட்டும் மாறும். முதல் தடவை போகிறவர்கள் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். நான்கு குரலும் தாழ்வான கூரைக்குக் கீழே, ஒரு அடி தூரத்திலிருந்து வரும்.

6 டிசம்பர், சனி, காலை 11:00 | கரண்டி

கிறிஸ்டிங்கிள் 40-க்கு. நடுத்தர ஆரஞ்சு 40 (சத்சுமா வேண்டாம், தோல் தொளதொளவென்று மெழுகுவர்த்தி சாயும்). 19 மி.மீ. சிவப்பு இன்சுலேஷன் டேப் 20 மீட்டர் சுருள் ஒன்று. ஆரஞ்சுச் சுற்றளவு சுமார் 25, மேலே ஏற்றி ஒட்ட 3, ஆக ஒன்றுக்கு 28 செ.மீ., மொத்தம் 11 மீட்டர் சொச்சம்தான். பல்குச்சி 160. திராட்சை, சிறு மிட்டாய், குச்சிக்கு மூன்று, ஆக 480. 8 செ.மீ. சதுர அலுமினியத் தாள் 40. மெழுகுவர்த்தி 40.

ஆரஞ்சு ஃப்ரிட்ஜிலிருந்து வந்தால் டேப் ஒட்டாது. முந்தின இரவே வெளியில் எடுத்துவைத்து, உலர்ந்த துணியால் தோல் எண்ணெயைத் துடைங்க. அடி தட்டையாக நிற்கிறதா என்று மேசையில் வைத்துப் பார்த்த பிறகுதான் மேலே எந்தப் பக்கம் என்று முடிவு. மேல் தோலில் கத்தியால் ஒரு சிலுவைக் கீறல், அதன்மேல் தாள், தாளோடு சேர்த்து மெழுகுவர்த்தியை அழுத்துங்க. தாள் உருகும் மெழுகைப் பிடிக்கும், சாற்றையும் தடுக்கும். பல்குச்சியைச் சாய்வாக வெளிப்பக்கம் குத்துங்க, சுடருக்கு நேர் மேலே மிட்டாய் வரக் கூடாது. குத்திய பிறகுதான் மிட்டாய் கோர்க்கணும், முன்னாடியே கோர்த்தால் குத்தும்போது உடையும்.

உலகம் ஆரஞ்சு, சிவப்பு நாடா இயேசுவின் இரத்தம், நான்கு குச்சி நான்கு பருவம், சுடர் கிறிஸ்து. மொரேவியச் சபையார் ஜெர்மனியில் 1747-ல் மெழுகுவர்த்தியும் சிவப்பு நாடாவும் வைத்துத் தொடங்கியது. இங்கிலாந்துத் திருச்சபைக்குள் இதைக் கொண்டுவந்தது சில்ட்ரன்ஸ் சொசைட்டி, 1968-ல், லிங்கன் கதீட்ரலில்.

6 டிசம்பர், காலை 11:40 | மணிக்கயிறு

குழந்தைகளை வரிசையாக நிறுத்தி வட்டமாகச் சுற்ற விடாதீர்கள். முன்னால் நிற்கிற குழந்தையின் தலைமுடிதான் ஆபத்து. சர்ச் ஓரமாகத் தோளோடு தோள் நிற்கட்டும், முகம் உள்நோக்கி, பிறகு ஏற்றுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே பேட்டரி மெழுகுவர்த்தி. இரண்டு வாளித் தண்ணீர், ஒரு ஈரப் போர்வை.

சர்ச் குளிருக்கு: காலையில் ஹீட்டர் போட்டு மாலையில் சூடு எதிர்பார்க்க முடியாது. கல் சுவர். முந்தின நாளே போடச் சொல்லுங்கள்.

14 டிசம்பர், ஞாயிறு, இரவு 9:20 | புதுக்குடி

முடிந்தது. கணக்கு மட்டும் சொல்கிறேன், அடுத்து செய்கிறவர்களுக்கு உதவும். வந்தது சுமார் 90. ஆப்பிள் ஜூஸ் 6 லிட்டரும் 5:10-க்கே தீர்ந்தது. வைன் 3 லிட்டர் மிச்சம். மின்ஸ் பை 11 மிச்சம். அர்ன் இரண்டையும் ஒரே சுவர்ப் பக்கம் செருகியதில் ஃபியூஸ் போனது. மீட்டர் பெட்டிச் சாவி யாரிடம் என்று எழுதிவைத்திருந்ததால் நான்கு நிமிடத்தில் வந்தது.

14 டிசம்பர், இரவு 9:55 | கரண்டி

அப்படியானால் அளவை மாற்றுகிறேன், நான் குடிக்கிறவர்களைக் கூட்டிச் சொல்லிவிட்டேன். 80 முதல் 90 பேருக்கு வைன் 9 பாட்டில், ஆரஞ்சு ஜூஸ் 2 லிட்டர் சொச்சம், ஆப்பிள் ஜூஸ் 10. மாலை 4 மணிக் கூட்டத்தில் குழந்தை அதிகம், இரவு 7 மணி என்றால் என் பழைய கணக்கு நிற்கும். மிச்ச வைனை வடிகட்டி ஃப்ரிட்ஜில் வைத்தால் 3 நாள்.

அர்ன் ஒன்று 3 கிலோவாட் என்றால் 13 ஆம்ப். இரண்டும் சமையல் அடுப்பும் ஒரே சுற்றில் தாங்காது. ஒன்று சமையலறையில், ஒன்று மேடைப் பக்கம். 20 லிட்டர் கொதிக்க முக்கால் மணிக்கு மேல் ஆகும், 3 மணிக்கே போட்டுவிடணும்.

19 டிசம்பர், வெள்ளி, இரவு 7:30 | வேலியோரம்

விளக்கு ஏற்றுவதைப் பற்றியே பேசினோம். இன்று விளக்கை அணைக்கிற இரவு.

கார்ன்வாலில் மவுஸ்ஹோல் என்றொரு மீன்பிடிக் கிராமம், ஊர்க்காரர்கள் "மவ்சல்" என்பார்கள். துறைமுகத்தைச் சுற்றி விளக்கு அலங்காரம் 1963-ல் தொடங்கியது, இன்றும் தன்னார்வலர்கள் கையில்தான். 1981 டிசம்பர் 19 இரவு, சூறாவளிக் காற்றில் இன்ஜின் நின்றுபோன யூனியன் ஸ்டார் கப்பலில் இருந்தவர்களைக் காப்பாற்ற சாலமன் பிரவுன் என்கிற லைஃப்போட் (மீட்புப் படகு) போனது. எட்டுப் பேர், எல்லாரும் அந்த ஊரையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த தன்னார்வலர்கள். இரண்டு படகிலும் சேர்த்து 16 பேர், ஒருவரும் திரும்பவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு டிசம்பர் 19-ம் இரவு 8 முதல் 9 வரை துறைமுக விளக்கை அணைத்துவிடுவார்கள். சிலுவையும் இரண்டு தேவதைகளும் மட்டும் எரியும்.

அங்கே போகிறவர்கள் இன்று 8 மணிக்கு டார்ச்சையும் போனையும் அணைத்துவிடுங்கள்.

19 டிசம்பர், இரவு 9:15 | பெனைன் காற்று

அதே ஊரில் 23-ஆம் தேதி டாம் பாகாக் இரவு. மீன் தலைகள் மாவுக்கு மேலே எட்டி வானத்தைப் பார்க்கிற ஸ்டார்கேசி பை அன்றைக்குத்தான். புயலில் கடலுக்குப் போய் ஊரின் பசியைத் தீர்த்த மீனவர் என்பது அந்த ஊர்க்கதை. நான்கு நாள் இடைவெளியில் இந்த இரண்டு இரவும் வருவதைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த ஊர் புரியும்.

21 டிசம்பர், ஞாயிறு, காலை 10:00 | மணிக்கயிறு

விருந்தினர் வருகிறவர்கள் வீட்டுக்கு, சுருக்கமாக. 25-ஆம் தேதி ரயிலே ஓடாது, 26-ல் மிகச் சில. பஸ்ஸை எண்ணவே வேண்டாம். 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் 25-ல் திறக்கச் சட்டமே தடை, 2004-லிருந்து. மாத்திரை முடிகிறதா என்று நாளைக்கே பாருங்கள். குப்பை எடுக்கும் நாள் மாறும். மண்ணெண்ணெய் ஹீட்டிங் உள்ள வீடுகள் தொட்டியில் குச்சி விட்டு அளவு பாருங்கள். குறைந்தபட்ச டெலிவரி பொதுவாக 500 லிட்டர், ஊர் சேர்ந்து ஒரே ஆர்டராகப் போட்டால் விலை குறையும், ஆனால் அது நவம்பரில் செய்கிற வேலை.

தனியாக இருக்கிற முதியவர் யார் யார் என்று பாருங்கள். "சாப்பிட வாருங்கள்" என்றால் தொந்தரவு வேண்டாம் என்று மறுப்பார்கள். "12:30-க்கு வண்டி வரும், 3 மணி அரசர் உரை முடிந்ததும் கொண்டுவிடுகிறோம்" என்று நேரத்தோடு சொன்னால் வருவார்கள். திரும்பும் நேரம் தெரிவதுதான் அவர்களுக்கு முக்கியம்.

31 டிசம்பர், புதன், பிற்பகல் 2:00 | மணிக்கயிறு

இன்று இரவு மணி அரைக்குரலில் ஒலித்தால் பழுது என்று நினைக்காதீர்கள். நாக்கின் ஒரு பக்கம் மட்டும் தோல் பட்டை கட்டுவோம். ஒரு அடி முழுச் சத்தம், அடுத்தது தூரத்து எதிரொலி. பழைய வருடத்துக்கு அப்படி. 12 அடித்ததும் பட்டையைக் கழற்றித் திறந்த குரலில். ஆனால் மணிகள் வாய் மேலே நிற்கும்போது கிட்டே போவது உயிருக்கு ஆபத்து. முதலில் இறக்கி, பிறகு மேலே ஏறிக் கழற்றி, மறுபடி ஏற்றணும். அதனால் இடையில் கொஞ்ச நேரம் மௌனம் இருக்கும். அப்போது வீட்டுக்குப் போய்விடாதீர்கள்.

6 ஜனவரி 2026, செவ்வாய், இரவு 8:40 | புதுக்குடி

மரம் இறக்கியாயிற்று. மரத்தை இறக்க வேண்டிய பன்னிரண்டாம் இரவு 5-ஆ 6-ஆ என்று இங்கேயும் வாக்குவாதம் நடந்தது. கிறிஸ்துமஸ் அன்றே முதல் இரவு என்று எண்ணினால் 5, மறுநாளிலிருந்து எண்ணினால் 6. சர்ச்சில் இயேசு பிறந்த தீவனத்தொட்டிக் காட்சி பிப்ரவரி 2 வரை இருக்குமாம். ரீத் கம்பிச் சட்டம் 14, பாசி உதறிக் காயவைத்து ஹால் பரண் மேல். சாவி நான்கும் அவரவரிடம்.

சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். கரண்டியின் திருத்திய அளவு, அர்ன் எங்கே செருகணும், சாவி வைத்திருக்கிற நான்கு பேர். கடைசி வரி: விற்பதாக இருந்தால், டிசம்பர் 12, 2026 சனிக்கு நோட்டீஸ் நவம்பர் 27 வெள்ளிக்குள். யாராவது சரிபார்க்க முடியுமா?

6 ஜனவரி, இரவு 9:05 | மணிக்கயிறு

11, 10, 9, 8, 7, 4, 3, 2, 1, நவம்பர் 30. பத்து. முந்தைய வேலை நாள் 27. சரி.